காலின் கவுண்ட்டியும் காதர் மச்சானும்

டெக்ஸஸில் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தோட்டத்துக்கு அல்ல, வீட்டுக்கு. ஆலன் நகரில் என் அண்ணன் மகள் ஜமீலாவின் வீட்டில் நான் கண்விழித்த முதல் காலையில், அவள் கணவர் சலீம் சுவரோரமாகக் கிடந்த கறுப்பு ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். குழாய் நெடுக ஊசித் துளைகள். அதை வீட்டைச் சுற்றி வளைத்துப் போட்டிருந்தார். அருகில் ஒரு செடிகூட இல்லை.

“சுவருக்கு எதுக்கு மருமவனே தண்ணி?”

“ஃபவுண்டேஷனுக்கு மாமா. இந்த ஊரு மண்ணு காஞ்சா சுருங்கிடும். வீடு கிராக் ஆயிடும். அதனால மண்ணை ஈரமாவே வச்சிருக்கணும். வீடு வாங்கும்போதே சொல்லிட்டாங்க.”

குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நொறுக்கிப் பார்த்தேன். கரிசல். திருநெல்வேலி மாவட்டத்து வருவாய்த் துறையில் வேலை பார்க்கும் எனக்கு அந்த மண் புதிதில்லை. பயிர் ஆய்வுக்குப் போன ஊர்களில் மழை பெய்த மறுநாள் செருப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு தர மறுத்த அதே மண்தான். அங்கே அதில் வெடிப்பு விழுந்தால் நாங்கள் வறட்சி என்று அறிக்கை எழுதுவோம். இங்கே குழாயைத் திறந்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் முன்பு பருத்திதான் விளைந்தது என்று சலீம் சொன்னபோது, இத்தனை தூரம் பறந்து கோவில்பட்டிக்கு வந்துவிட்டேனோ என்று தோன்றியது.

2008 அக்டோபர். ஜமீலாவின் தங்கை ரிஸ்வானாவின் நிக்காஹுக்காக வந்திருந்தேன். அவள் பிளேனோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அன்வரும் அதே தொழில்தான். அவன் இருப்பது டாலஸுக்கு மேற்கே இர்விங்கில். இருவரும் மேலப்பாளையத்துப் பிள்ளைகள். நிக்காஹை ஊரில் வைக்காததற்கு விசாதான் காரணம். அன்வரோடு வேலை பார்த்த ஒரு பையன் லீவில் ஊருக்குப் போய், பெயர்ச் சரிபார்ப்பு முடியவில்லை என்று மாதக்கணக்கில் திரும்ப முடியாமல் கிடந்திருக்கிறான். அதைப் பார்த்த பிறகு அன்வருக்கு விமானம் ஏற மனம் வரவில்லை. பெரியவர்களை இங்கே வரவழைக்கலாம் என்றால் ரிஸ்வானாவின் உம்மாவுக்கும் அன்வரின் வாப்பாவுக்கும் விசா கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. என் அண்ணன் மவுத்தாகிப் போனபோது அவர் மனைவியான மைனியிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தேன், ரிஸ்வானாவின் நிக்காஹில் வாப்பா இடத்தில் நான் உட்காருவேன் என்று. நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு. திங்கட்கிழமை எனக்கு விமானம். கிடைத்த லீவு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நடக்கப் போனேன். நடைபாதை அகலமாக இருந்தது, நடப்பவர் யாரும் இல்லை. தேர்தல் சமயம் என்பதால் வீட்டு வாசல் புல்லில் சிறிய அட்டைகள் நட்டிருந்தார்கள். ஜனாதிபதித் தேர்தலுக்கான அட்டைகளைப் புரிந்துகொண்டேன். அவற்றைவிட அதிகமாக இருந்தவைதான் புரியவில்லை. ஒருவர் நீதிபதி பதவிக்கு நிற்கிறார். ஒருவர் ஷெரீஃப். ஒருவர் கான்ஸ்டபிள். இன்னொருவர் வரி வசூல் அதிகாரி.

மாலையில் சலீமிடம் கேட்டேன். “கான்ஸ்டபிளுக்குமா எலெக்‌ஷன்?”

“எல்லாத்துக்கும்தான் மாமா. கவுண்ட்டி ஜட்ஜ், கவுண்ட்டி கிளார்க், எல்லாரும் எலெக்டட்.”

“அப்போ தாசில்தாரு?”

“தாசில்தாரே ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருவாரு. நீங்க கதவைத் தொறக்கலாம், தொறக்காமலும் இருக்கலாம்.”

அதை நான் வெகுநேரம் கற்பனை செய்து பார்த்தேன். எங்கள் வட்டாட்சியர் கை கூப்பிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார், பின்னால் நான் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு வருகிறேன்.

கவுண்ட்டி என்றால் நம் மாவட்டம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி. ஆலனும் பிளேனோவும் காலின் கவுண்ட்டியில் இருக்கின்றன. அதன் தலைநகர் வடக்கே உள்ள மெக்கின்னி. பிளேனோ அதைவிடப் பெரிய ஊர், ஆனாலும் அலுவலகங்கள் மெக்கின்னியில்தான். மேலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் என்று யாரும் கிடையாது. தலைவருக்குக் கவுண்ட்டி ஜட்ஜ் என்று பெயர், ஆனால் அவருடைய முக்கிய வேலை வழக்கு விசாரிப்பது அல்ல, சாலை போடுவதும் வரவு செலவு பார்ப்பதும். அவர் நான்கு கமிஷனர்களோடு உட்காரும் கூட்டத்துக்குக் கோர்ட் என்று பெயர். முந்தைய நூற்றாண்டுகளில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்ததை நினைத்துக்கொண்டேன். பெயர்கள் ஒட்டிக்கொண்டால் எங்கேயும் லேசில் போவதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாடு ஒரு மெக்சிகோ கடையில். சோள மாவில் தட்டிய மெல்லிய ரொட்டி, உள்ளே மசித்த பயறு. சலீம் ஆர்டர் சொல்வதற்கு முன்பு, பயறில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுப் பழகியவள்போல, கடைப்பெண் வேறொரு பாத்திரத்தைக் காட்டி, இது எண்ணெயில் செய்தது என்றாள். மிளகாய்த் துவையல் மட்டும் கேட்கும்போதெல்லாம் வந்தது. அதற்குக் கணக்கே கிடையாது.

புதன்கிழமை மஃரிபு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனோம். பள்ளி இருப்பது பக்கத்து டாலஸ் கவுண்ட்டியில். முன்பு பலசரக்குக் கடையாக இருந்த கட்டடம் என்று சொன்னார்கள், வாசலில் வண்டி நிறுத்தும் இடம் மட்டும் இன்னும் கடைக்கு ஏற்ற அளவில் இருந்தது. இமாம் எகிப்துக்காரர். தொழுகை முடிந்ததும் அவரிடம் எங்கள் ஜமாஅத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். மேலப்பாளையத்தில் வெளியூர்ப் பெண், வெளியூர் மாப்பிள்ளை என்றால் இந்தக் கடிதம் இல்லாமல் நிக்காஹ் பதிவேடான தப்தரில் எழுத மாட்டார்கள். பெண்ணின் ஜமாஅத், மாப்பிள்ளையின் ஜமாஅத் இரண்டும் எங்கள் விஷயத்தில் ஒன்றுதான் என்றாலும், தனித்தனியாக இரண்டு கடிதம் வாங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் முத்திரை வைத்து எடுத்துப் போயிருந்தேன்.

இமாம் இரண்டையும் மரியாதையாகப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: “சகோதரரே, இது அல்லாஹ்வுக்கும் உங்கள் ஊருக்கும் போதும். டெக்ஸஸுக்கு உள்ளது எங்கே? கவுண்ட்டி தரும் மேரேஜ் லைசென்ஸ்?”

நான் சலீமைப் பார்த்தேன். சலீம் என்னைப் பார்த்தார். அவருக்கும் ஜமீலாவுக்கும் நிக்காஹ் ஊரில் நடந்தது, அவருக்கு இது தெரியாது. அங்கிருந்தே அன்வருக்கு போன் போட்டோம்.

“லைசென்ஸா? அது நிக்காஹ் முடிஞ்சப்புறம் போய் ரெஜிஸ்டர் பண்றதுதானே மாமா?”

நம் ஊரில் அப்படித்தான். முதலில் கல்யாணம், பிறகு பதிவு. இங்கே முதலில் கவுண்ட்டியிடம் அனுமதி, பிறகுதான் கல்யாணம். அது இல்லாமல் நிக்காஹ் நடத்தினால் நடத்தியவர் மீதே குற்றம். இமாம் இன்னொன்றும் சொன்னார். அனுமதி வாங்கியவுடனும் நடத்த முடியாது, எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு யாரும் கட்டிக்கொள்ளக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஞாயிறு அஸர் என்றால் வியாழன் மாலைக்குள், அலுவலகம் மூடுவதற்கு முன், மணமக்கள் இருவரும் நேரில் போய்க் கையெழுத்திட்டாக வேண்டும்.

“நாளைக்கு,” என்றார் சலீம்.

வியாழக்கிழமை ரிஸ்வானா லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே ஆலனுக்கு வந்துவிட்டாள். அன்வரால் முடியவில்லை. அவன் அலுவலகத்தில் ஏதோ ஒன்றை அன்றுதான் வெளியிடுகிறார்களாம். மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தான், சாப்பிடாமல். ஜமீலா இடியாப்பத்தில் கறிக்குழம்பை ஊற்றி ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டாள். வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்து அதை அவன் கரண்டியால் சாப்பிட்டது எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

கண்ணாடியில் ஒட்டியிருந்த வழிகாட்டிப் பெட்டியில் சலீம் மெக்கின்னி கோர்ட் என்று தட்டினார். அந்தப் பெட்டியின் பெண்குரல் எங்களை 75ஆம் நெடுஞ்சாலை வழியாக வடக்கே கொண்டுபோய், பழைய ஊருக்குள் நுழைத்து, ஒரு சதுக்கத்தில் நிறுத்தியது. நடுவில் கல் கட்டடம். உயரமான படிகள். சுற்றிலும் நான்கு பக்கமும் செங்கல் கடைகள். படியோரமாக நின்ற மரத்திலிருந்து பிக்கான் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. நான் பார்த்த வரையில் இந்த நாட்டில் ஊர் என்று சொல்லும்படி இருந்த முதல் இடம் அதுதான்.

“இதுதான் கோர்ட். பாத்தாலே தெரியுதே,” என்று நான்தான் முதலில் இறங்கினேன்.

உள்ளே இருபது பேர் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி உட்காரும் இடத்தில் ஒரு பியானோ இருந்தது. டிக்கெட் மேசையில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ரிஸ்வானா விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதன் சாரம் இது: கோர்ட் இங்கிருந்து போய் வெகு காலமாகிறது, கண்ணு. இப்போது இது நாடக அரங்கம். உங்களுக்குக் கல்யாண விருந்து வைக்க இடம் வேண்டுமானால் தருவேன், லைசென்ஸ் தர முடியாது.

எந்த ஊருக்குப் போனாலும் ஊர் நடுவில் இருக்கும் பெரிய கட்டடம்தான் சர்க்கார் என்று எண்ணிப் பழகிவிட்டேன். இங்கே சர்க்கார் ஊருக்கு வெளியே போய்விட்டது. வடகோடியில், வெட்டவெளி நிலத்தை ஒட்டிய புதுக் கட்டடம். போகும் வழியில் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே வந்தது. அதன் பெட்டிகளை நான் எண்ண ஆரம்பித்தேன், அன்வரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அலுவலகம் சுத்தமாக, அமைதியாக இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு ஜோடி. இருவரும் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார்கள், கூட யாருமில்லை. கல்யாணத்துக்கு அனுமதி வாங்க இரண்டே பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம், அதுவே எங்கள் கணக்கில் குறைவு.

முகப்பில் இருந்த அம்மாளுக்கு என் வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். மேசையில் மிட்டாய்க் கிண்ணம். பாஸ்போர்ட்டுகளை வாங்கி, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துத் தட்டினார். அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் சந்தித்தீர்கள்?

“குடும்பம் மூலமாக,” என்றாள் ரிஸ்வானா.

அவள் சொன்னது போதாது என்று எனக்குப் பட்டது. யாரோ எவரோ என்று அந்த அம்மாள் நினைத்துவிடக் கூடாது. கூட வந்த பெரியவன் என்ற முறையில் முன்னால் போய் ஆங்கிலத்தில் சொன்னேன்: “இவர் அந்நியர் இல்லை. இவள் தாயாருடைய அண்ணன் மகன்.”

தட்டுவது நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மாவின் அண்ணன் மகனா?”

“ஆமாம்,” என்றேன். மேலப்பாளையத்தில் ஒரு சம்பந்தத்தைப் பற்றி இதைவிட உயர்வாகச் சொல்ல எதுவும் கிடையாது.

அந்த அம்மாள் நிதானமாக விளக்கினார். சில வருடங்களாக டெக்ஸஸில் சட்டம் இருக்கிறது. தாய் தகப்பனுடன் பிறந்தவர்களின் பிள்ளைகளைக் கட்ட முடியாது. அப்படிப்பட்ட உறவு இல்லை என்று இருவரும் கை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். நான் சொன்னதைக் கேட்ட பிறகு அவரால் அந்தச் சத்தியத்தை வாங்க முடியாது. வருத்தமாகத்தான் சொன்னார். மேலதிகாரியை அழைக்கிறேன் என்று எழுந்து போனார்.

“சாச்சா,” என்றாள் ரிஸ்வானா. “ஏன் சாச்சா அப்படிச் சொன்னீங்க? காதர் மாமா சொந்த மாமா இல்லையே. ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம்ல?”

“சொந்தம் இல்லாம என்னம்மா?” என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

காதர் மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்வரின் வாப்பா. என் மைனி மைமூனுடைய சாச்சா மகன், அதாவது சித்தப்பா மகன். பால் மறக்காத வயதில் தாயும் தகப்பனும் போய்விட, மைனியின் வாப்பா தூக்கி வந்து தன் வீட்டில் வளர்த்தார். மைனிக்கு உடன்பிறந்த ஆண்கள் யாரும் இல்லை. மைனியின் நிக்காஹில் அண்ணனாக நின்றவர் அவர். ஜமீலா பிறந்தபோது மாமன் சீர் கொண்டுவந்தவர் அவர். என் அண்ணன் மவுத்தான பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆ முடிந்து நேரே மைனி வீட்டுக்கு வந்து, இரண்டு வார்த்தை பேசி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர். எங்கள் தெருவில் ஒன்றுவிட்ட அண்ணன் என்ற சொல்லை அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. சொன்னால் அது வழக்கு, பாகப்பிரிவினை, சண்டை.

மேலதிகாரி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பளபளக்கும் பூட்ஸ். என்னை ஸார் என்று அழைத்தார். அவரிடம் ஒரு தாள் கேட்டேன். கொடுத்தார்.

என் வேலையில் பாதி வாரிசுச் சான்றுதான். யார் யாருக்குப் பிறந்தார், யார் எவருடைய மனைவி, யார் உயிரோடு இருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையை வைத்து மரம் போட்டுப் பார்ப்பது. அதே கோடுகளைப் போட்டேன். மேலே ஒருவர். அவருக்கு இரண்டு மகன்கள், செய்யது, மீரான். செய்யதுக்கு மைமூன். மீரானுக்கு காதர். மைமூனுக்கு ரிஸ்வானா. காதருக்கு அன்வர்.

போட்டு முடித்ததும் தாளைப் பார்த்தேன். இதே தாள் என் மேசைக்கு வந்து, செய்யதுவின் மகன் என்று காதர் உரிமை கேட்டிருந்தால், நான் சிவப்பு மையில் அடித்திருப்பேன். யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

பூட்ஸ்காரர் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். “இவர்கள் இருவரும்தான் அண்ணன் தம்பி. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நீங்கள். இதற்குச் சட்டத்தில் தடை இல்லையே.” அந்த அம்மாளிடம் திரும்பினார். “இல்லையா?”

“இல்லைதான்,” என்றார் அவர். “ஆனால் இவர் என்னிடம் அண்ணன் என்று சொன்னார்.” என்னைப் பார்த்தார். “ஸார், உங்களைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று இல்லை. எனக்கு ஒரே ஒரு பதில் போதும். இந்தக் காதர் என்பவர் மணப்பெண்ணின் தாயாருடன் பிறந்த அண்ணனா? ஆம் அல்லது இல்லை.”

அன்வர் சுவரில் இருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய வாப்பாவைப் பற்றிய கேள்வி அது. ரிஸ்வானா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

“இல்லை,” என்றேன்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. இருவரும் வலது கையை உயர்த்தினார்கள். அம்மாள் உறவுகளை ஒவ்வொன்றாக வாசித்தார், இல்லை, இல்லை என்று சத்தியம் செய்தார்கள். தாள் அச்சாகி வந்தது. தேதியோடு மணி நிமிடமும் போட்டிருந்தது. ஞாயிறு அஸருக்கு இடம் இருந்தது. கிளம்பும்போது இன்னொன்று கேட்டேன். பள்ளிவாசல் டாலஸ் கவுண்ட்டியில் இருக்கிறது, காலின் கவுண்ட்டித் தாள் அங்கே செல்லுமா? டெக்ஸஸுக்குள் எங்கேயும் செல்லும் என்றார் அந்த அம்மாள். மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். ஒன்று எடுத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் வழிகாட்டிப் பெட்டி பேசிக்கொண்டே வந்தது. சலீம் அதை அணைத்தார்.

“உம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க சாச்சா,” என்றாள் ரிஸ்வானா. “நிக்காஹ் முடியட்டும்.”

“வாப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க மாமா,” என்றான் அன்வர்.

இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு அவனே சொன்னான். “நெனைப்பாங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலும், சனிக்கிழமை ஹலால் கறிக்கடையின் வரிசையிலும் எனக்கு அதே நினைப்பு. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகிவிட்டது. அது சட்டப்படி உண்மை. ஆனால் அவர் காதில் அது வேறு வாய் வழியாக விழுந்துவிடக் கூடாது. ஜமீலாவின் ஆறு வயது மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்தில் கேட்டாள்: “அவர் மாமாவா, மாமா இல்லையா? ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.”

“மாமாதான். நீ சாப்பிடு,” என்றாள் ஜமீலா.

“அப்போ உங்க சாச்சா ஆபீஸில் பொய் சொன்னாரா?”

“பொய் இல்லடி. ஆபீஸ் வேற, வீடு வேற.”

பிள்ளை அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டனிலிருந்தும் ஆஸ்டினிலிருந்தும் வண்டிகள் வந்து அந்தப் பெரிய வாகன நிறுத்தத்தை முதல்முறையாக நிறைத்தன. ஹைதராபாத்துக்காரர் ஒருவர் பிரியாணி செய்திருந்தார். நம் பிரியாணி அல்ல, ஆனால் குறை சொல்ல முடியாது. மேலப்பாளையத்து ஆட்கள் மட்டும் ஒரு மூலையில் கூடி, தால்ச்சா இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

அஸர் தொழுதோம். இமாம் லைசென்ஸை வாங்கி நேரத்தைச் சரிபார்த்தார். பிறகு எங்கள் ஜமாஅத்துக் கடிதங்கள் இரண்டையும் கேட்டு வாங்கி, அதன் மேல் வைத்தார். பெண்கள் பகுதிக்குப் போய் ரிஸ்வானாவிடம் சம்மதம் கேட்டேன். ஊரில் பெண் தலை குனிந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். இவள் என்னை நேராகப் பார்த்து, “சம்மதம் சாச்சா,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வந்து உட்கார்ந்தேன். அன்வரின் கையைப் பிடித்தேன். இமாம் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். என் அண்ணன் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னேன். அன்வர் ஏற்றுக்கொண்டான்.

துஆ ஓதி முடிந்ததும் சலீம் தன் செல்போனை என் கையில் கொடுத்தார். ஊரில் அப்போது விடிவதற்கு முந்திய நேரம். மைனி வீட்டில் எல்லோரும் விழித்து உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தது காதர் மச்சான்.

“முடிஞ்சிட்டா?”

“அல்ஹம்துலில்லாஹ். முடிஞ்சிட்டு மச்சான்.”

அவர் அதை வீட்டுக்குள் சொல்வதும் குரல்கள் எழுவதும் கேட்டது. யாரோ அழுதார்கள். நான் வாசலுக்கு வந்து வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டேன். ரிஸ்வானாவும் அன்வரும் என் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

“மச்சான், ஒரு விசயம். வியாழக்கிழமை இங்க ஆபீசுல லைசென்ஸ் வாங்கப் போனோம். அங்க உங்களப் பத்தி ஒரு கேள்வி கேட்டாக.”

“என்னப் பத்தியா? அமெரிக்காவுலயா? என்ன கேட்டாக?”

“நீங்க மைமூன் மைனிக்குக் கூடப்பொறந்த அண்ணனான்னு கேட்டாக. ஆமான்னா இங்க நிக்காஹு முடிக்க முடியாதாம். அதான் இங்கத்தச் சட்டம்.”

“நீங்க என்ன சொன்னிய?”

“இல்லன்னு சொன்னேன்.”

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அன்வர் என் முகத்தையே பார்த்தான். பிறகு காதர் மச்சான் தொண்டையைச் செருமுவது கேட்டது. அவர் என்னிடம் பேசவில்லை, உள்ளே பார்த்துச் சொன்னார்.

“ஏளா மைமூனு, டெக்ஸஸுல நான் ஒனக்கு அண்ணன் இல்லையாம்.”

மைனி எங்கோ உள்ளறையிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ பேசியிருக்க வேண்டும். குரல் தூரத்தில் இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“அப்போ நீங்க அங்க போகாதிய.”